உயிருடன் உள்ளார்

உங்க போன்ல அந்தப் பொம்பளைய கொஞ்சம் மெதுவா அழச் சொல்லுங்க சார். திருநெல்வேலியில பஸ் ஏறினதுல இருந்து அழுதுக்கிட்டே வாரா. காதுல மாட்டுற ஒயர் இல்லையா? வீட்ல வச்சிட்டு வந்துட்டீங்களா. சரி, பரவாயில்ல, பாருங்க. கடைசி எபிசோடா? சீரியல்ல கடைசின்னு ஒண்ணு கிடையாது சார், அழுகை நிக்காது, ஆளு மட்டும்தான் மாறும். ஒரு நாளைக்கு ‘இவருக்குப் பதில் இவர்’னு அடியில ஒரு வரி ஓடும், மறுநாள் வேற ஒருத்தி வந்து அதே மூக்கச் சிந்துவா.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கீங்களா? நான் சீரியல் பாக்குற ஆளு இல்ல. இதுவரைக்கும் ஒண்ணு கூட உக்காந்து பாத்தது கிடையாது, சத்தியமா. ஆனா தமிழ்ல வந்த சீரியல்ல முக்காவாசிக்கு நான்தான் தரம் போட்டிருக்கேன். சீரியலுக்கு இல்ல. சீரியலப் பத்தி எழுதுத கட்டுரைக்கு.

இணையத்துல கலைக்களஞ்சியம் ஒண்ணு இருக்குல்லா, யாரு வேணும்னாலும் எழுதலாம், யாரு எழுதினதையும் யாரு வேணும்னாலும் திருத்தலாம். அதுலதான். ஒவ்வொரு கட்டுரையும் எந்த லட்சணத்துல இருக்குன்னு படிச்சுப் பாத்து ஒரு தரம் போடணும். அடியில குறுங்கட்டுரை, அதுக்கு மேல தொடக்கநிலை, அப்புறம் நடுத்தரம், நல்ல கட்டுரை, உச்சாணியில சிறப்புக் கட்டுரை. சம்பளமா? சம்பளம் குடுத்தா அதையும் நம்மாளு கெடுத்துருவான். இது சும்மா, தமிழுக்காகச் செய்யிறது. நான் ஆடிட்ல இருந்து ரிட்டயர் ஆனவன். பஞ்சாயத்து பஞ்சாயத்தா போயி அவன் எழுதி வச்சிருக்கிறதப் பூரா நம்பாம இருக்கிறதுதான் என் உத்தியோகம். அந்தக் கை சும்மா இருக்குமா? துலாக்கோல்னு ஒரு பேரு வச்சுக்கிட்டு உள்ள போனேன். அங்க ஆவுடைநாயகம்னா எவனுக்கும் தெரியாது, துலாக்கோல்னா கொஞ்சம் எழுந்திரிச்சு நிப்பானுவ.

நான் கேட்டது கல்வெட்டு. கல்வெட்டுக்கு ஏற்கெனவே ஆளு இருக்காம், வரலாற்றுக்கு இருக்காம், பறவைக்குக் கூட நாலு பேரு இருக்காம். சீரியலுக்குத்தான் தரம் போட நாதி இல்லன்னாங்க. சரி, யாராவது கழிச்சுக்கட்டணும்லான்னு எடுத்துக்கிட்டேன். சீரியலே பாக்காம எப்படித் தரம் போடுவீங்கன்னு ஒருத்தன் கேட்டான். மாட்டு டாக்டரு வைக்கோல் தின்னுட்டா சார் ஊசி போடுதாரு?

அதுல எழுதுற பயலுகளப் பத்திச் சொன்னா இந்த பஸ் மதுரைக்கே போயிரும். கதைச்சுருக்கம்னு தலைப்புப் போடுதான், கதையே அவ்வளவு நீளம் இருக்காது. கதாநாயகி செண்பகத்துக்கு நினைவு போச்சு, வந்துச்சு, மறுபடியும் போச்சு, எல்லாத்தையும் எழுதுதான். ‘இத்தொடர் தாய்மார்களைக் கண்ணீர்க் கடலில் மூழ்கடித்தது’ன்னு ஒருத்தன் எழுதியிருந்தான். எத்தனை தாய்மாரு மூழ்கினாங்க, உடம்பு கிடைச்சுதா, யாரு அறிக்கை குடுத்தது? அந்த வரிக்குப் பக்கத்துல ‘சான்று தேவை’ன்னு ஒண்ணக் குத்திட்டு வந்துட்டேன். பத்திரிகையில வந்துச்சா, புத்தகத்துல இருக்கா, காட்டு. இல்லன்னா தூக்கு. இதுதான் விதி. நான் எவனுக்கும் பாவம் பாத்தது இல்ல.

என் வீட்டுக்காரி பகவதி எல்லாத்தையும் பாப்பா. அவ கூடத்துல உக்காந்து பாப்பா, நான் உள்ரூம்ல கம்ப்யூட்டரத் திறந்து வச்சு உக்காந்திருப்பேன். ஏளா பகவதி, அந்தப் பெரிய மருமக சின்னவனக் கட்டினவளா, நடுவுலானக் கட்டினவளான்னு இங்க இருந்து கேப்பேன். நடுவுலானத்தான் கட்டினா, ஆனா இப்ப சின்னவன் வீட்ல இருக்கான்னு அங்க இருந்து சொல்லுவா. நான் திருத்தி வச்சுருவேன். அது பாக்குறதுல சேராது சார், சரி பாக்குறது.

இப்ப நான் எங்க போறேன்னு கேட்டீங்கல்லா. கோவில்பட்டிக்கு. என் கொழுந்தியா வீட்டுக்கு, பகவதியக் கூட்டிட்டு வர. கூட்டிட்டு வாரதுன்னா, வருவாளான்னு தெரியல. அந்த வீட்லதான் இருந்தாரு என் சகலை, கோமதிநாயகம். ஜவுளிக்கடையில சேலை செக்ஷன். நல்ல மனுஷன்தான், இல்லன்னு சொல்லல, ஆனா மனுஷனுக்கு நடிகர்னு ஒரு நினைப்பு வந்துபோச்சு. அதுதான் எல்லா வினையும்.

‘ஒன்பது வாசல் வீடு’ன்னு ஒரு சீரியல். நீங்க பாத்திருப்பீங்க, உங்க முகத்தப் பாத்தாலே தெரியுது. அதுல செண்பகத்தோட அப்பா பொன்னுரங்கம், கதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே செத்துப்போனவரு. கூடத்துச் சுவத்துல அவரு படம் தொங்கும். மாலை, பொட்டு, கீழ சின்னதா ஒரு சிவப்பு லைட்டு. செண்பகத்துக்கு ஒரு கஷ்டம்னா படத்துக்கு முன்னால வந்து நின்னு, ‘அப்பா, நீங்க இருந்திருந்தா’ன்னு ஆரம்பிப்பா. தினமும் கஷ்டம்தான அவளுக்கு. ஆமா, மீசை வச்சு, லேசாச் சிரிச்ச மாதிரி. அவரேதான். எங்க சகலை.

ஷூட்டிங் குத்தாலத்துல நடந்தப்ப இவரு சித்தப்பா மகன் அங்க லாட்ஜ்ல மேனேஜர். செத்த அப்பாவுக்கு ஒரு படம் வேணும், களையான முகமா வேணும்னு கேட்டிருக்கானுவ. இவரு கல்யாண நாளுக்கு ஸ்டூடியோவுல புருஷனும் பொண்டாட்டியுமா ஒரு படம் எடுத்து வச்சிருந்தாரு. அதக் குடுத்துட்டான். அவனுவ பொண்டாட்டிய வெட்டிட்டு இவர மட்டும் பெருசாக்கி மாட்டிட்டானுவ. நல்லா வெட்டத் தெரியல, இடது ஓரத்துல என் கொழுந்தியா தோளுல இருந்த பச்சச் சேலைக் கரை கொஞ்சம் தெரியும். அந்த சீரியல் ஓடின வரைக்கும் கூடத்துல அந்தக் கரையும் சேந்துதான் தொங்கிச்சு.

என் கொழுந்தியா உலகம்மாவுக்கு அது ஆகாது. உயிரோட இருக்கிற மனுஷனுக்கு மாலை போடலாமான்னு ஒரே அழுகை. படம் வரும்போதெல்லாம் தாலிய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிடுவா. இவருக்கு அதெல்லாம் இல்ல. மனுஷனுக்குச் செத்ததுல அவ்வளவு பெருமை.

பாளையங்கோட்டையில ஒரு கல்யாணம். நானும் அவரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கோம். ஒரு பொம்பள வந்து இவரப் பாத்ததும் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு, ‘ஐயா, நீங்க செத்துட்டீங்கள்லா’ங்கா. இவரு எழுந்திரிச்சுக் கும்பிட்டு, ‘ஆமாம்மா, செத்தவன் நான்தான்’ங்காரு. அவ்வளவுதான். பந்தியில பாதி அங்க வந்துட்டு. போட்டோ எடுக்காங்க, செண்பகத்துக்கு எப்ப நல்ல காலம்னு இவருகிட்ட விசாரிக்காங்க, என்னமோ இவருக்குத் தெரிஞ்ச மாதிரி. ஒருத்தன் என்னத் தள்ளி உக்காரச் சொல்லுதான், படத்துல நான் விழுதேனாம். எங்கிட்ட ஒரு ஆளு பேச்சுக் குடுக்கல. நான் எதிர்பாக்கவும் இல்ல. இத்தன கட்டுரைக்குத் தரம் போட்டவன் உக்காந்திருக்கான்னு அந்தக் கூட்டத்துக்கு எங்க தெரியப் போகுது.

அதுக்கப்புறம்தான் அவரு எங்க வீட்டுக்கு வந்தாரு. வாழைப்பழம், மிக்சர் எல்லாம் வாங்கிக்கிட்டு.

“அண்ணாச்சி, அந்தக் களஞ்சியத்துல நீங்கதான் பெரிய ஆளாம்லா. எங்க சீரியலப் பத்தி அதுல கட்டுரை இருக்காம். நடிச்சவங்க பேரு பூரா இருக்காம். எம் பேரு ஒரு ஓரத்துல...”

எங்க சீரியலாம். கேட்டீங்களா?

நான் நிதானமாத்தான் சொன்னேன். சகலை, நடிப்புன்னா கண்ணு இமைக்கணும், வாய் திறக்கணும், கையாவது அசையணும். நீரு தொங்கினீரு. சரி, அதையும் விடும். பத்திரிகையில எங்கயாவது உம்ம பேரு வந்திருக்கா? வந்திருந்தா கொண்டாரும், பாப்போம். சான்று இல்லாம என் அப்பன் பேரக் கூட நான் போட மாட்டேன். அவரு தலைய ஆட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தாரு. பகவதி காப்பி கொண்டு வந்து வச்சா, டம்ளர் வச்ச சத்தம் கொஞ்சம் கூடுதலாத்தான் இருந்துச்சு.

மனுஷன் விடல. கோவில்பட்டியில ஒரு மாலைப் பத்திரிகைக்குச் செய்தி குடுக்கிற பையன் ஒருத்தனப் பிடிச்சிருக்காரு. அவனுக்கும் நல்ல செய்திதான், ‘செத்தும் நடிக்கும் கோவில்பட்டிக்காரர்’னு தலைப்புக் கூட வச்சிட்டானாம். சகலை அவன்கிட்ட, எங்க அண்ணாச்சி இதுல பெரிய அதிகாரி, அவருகிட்டயும் ஒரு வார்த்தை வாங்கிப் போடுங்கன்னு என் நம்பரக் குடுத்திருக்காரு. அவன் போன் பண்ணினான். நான் சொன்னேன், தம்பி, சுவத்துல தொங்கினவன் நடிகன்னா, அவரத் தாங்கிக்கிட்டு நின்ன ஆணிக்கு என்ன பேரு? ஆணிதான் அவர விட அதிகமா உழைச்சிருக்கு, அதப் பேட்டி எடுங்கன்னேன். அவன் அப்படிச் சிரிச்சான் சார். செய்தி வரல. சகலை வந்து, ‘அண்ணாச்சி, பையன் ஏனோ போடல’ன்னாரு. நான் என்ன செய்ய முடியும்? பத்திரிகையில வரல, சான்று இல்ல. அவ்வளவுதான.

நீங்க சிரிக்கல. பரவாயில்ல, எல்லாருக்கும் உடனே பிடிபடாது.

அப்புறம் ஆரம்பிச்சுது கூத்து. ஒரு நாள் அந்தக் கட்டுரையத் திறந்தா, நடிகர்கள் பட்டியல்ல கடைசியில ஒரு வரி. ‘கோமதி நாயகம் - இறந்த அப்பா (உயிருடன் உள்ளார்)’. பேரில்லாத ஆளு எழுதினது. கணக்குத் தொடங்காம, திருட்டுத்தனமா வந்து எழுதிட்டுப் போற கூட்டம் ஒண்ணு இருக்கு, முதுகெலும்பு இல்லாத கூட்டம். இவருதான், ஜவுளிக்கடையில உக்காந்து போன்ல தட்டியிருக்காரு. கோமதிக்கும் நாயகத்துக்கும் நடுவுல லாரி போற அளவு இடம். அது கூடப் போகட்டும், அடைப்புக்குறிக்குள்ள என்ன போட்டிருக்காரு பாத்தீங்களா? உலகம்மா சொல்லியிருக்கா. இறந்த அப்பான்னு மொட்டையாப் போடாதீங்க, அபசகுனம், பக்கத்துலயே உயிரோட இருக்காருன்னும் போடுங்கன்னு. கலைக்களஞ்சியத்துல சார்! உலகத்துல எந்தக் கலைக்களஞ்சியத்துலயாவது, இன்னார் இன்னும் சாகலன்னு அடைப்புக்குறி போட்டு எழுதியிருக்கானா?

அழிச்சேன். மறுபடி போட்டாரு. மறுபடி அழிச்சேன். நான் ‘சான்று இல்லை’ன்னு எழுதிட்டு அழிக்கேன், அவரு ஒண்ணும் எழுதாம திரும்பப் போடுதாரு. ஒவ்வொரு தடவையும் அதே வரி, அதே லாரி, அதே ‘உயிருடன் உள்ளார்’. அந்தக் கட்டுரைக்கு நடுத்தரம் குடுத்திருந்தேன், இவரு பண்ணின கூத்துல தொடக்கநிலைக்கு இறக்கினேன். நிலையில்லாத கட்டுரைக்கு நடுத்தரம் கிடையாது. விதி.

ஒரு நாள் உலகம்மாவே வந்துட்டா. பையில இருந்து அந்தப் பச்சச் சேலைய எடுத்து என் மேசையில விரிச்சா. “அத்தான், சான்று வேணும்னீங்கல்லா. படத்துல ஓரத்துல தெரியிற கரை இதுதான். நீங்களே பாருங்க.” கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்துல கரையப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. நான் ஒத்துப் பாத்தேன், இல்லன்னு சொல்லல. அதே கரைதான், அதே மாங்கா டிசைன். ஆனா சேலைய மேற்கோள் காட்ட முடியுமா சார்? எந்தப் பதிப்பகம், எந்த வருஷம், எந்தப் பக்கம்னு போடுவேன்? இதுக்குப் பேரு சொந்த ஆய்வு, சொந்த ஆய்வு செல்லாது உலகம்மான்னேன். மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அன்னைக்கு பகவதி எனக்குச் சோறு வச்சா, பேசல. ரெண்டு நாள்ல சரியாயிரும்னு நினைச்சேன்.

கடைசியா ஒரு தடவ அழிச்சேன். அழிச்சதோட அந்தப் பக்கத்தப் புது ஆளுங்க யாரும் தொட முடியாதபடி பூட்டும் போட வச்சேன். நிர்வாகிங்ககிட்ட சொன்னா கொஞ்ச நாளைக்குப் பூட்டுவாங்க. நிம்மதியா இருந்துச்சு. அடுத்த வாரம் சகலை கடையில சேலை எடுத்துக் காட்டிக்கிட்டு இருந்தவரு அப்படியே சரிஞ்சிட்டாரு. மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு.

நானும் போனேன். போகாம இருப்பேனா, சகலை ஆச்சே. உள்ள நுழையிறேன், உலகம்மா என்னப் பாத்ததும் எழுந்திரிச்சு வந்தா. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவுல.

“அத்தான், உயிரோட இருக்காருன்னு நாங்க எழுதி வச்சிருந்தோம். நீங்கதான் அழிச்சீங்க. இப்பப் பாருங்க.”

என்ன பேச்சு சார் இது? எனக்கு ஆத்திரம் வந்துட்டு. துக்க வீடுன்னு பாக்காம நானும் சொல்லிட்டேன். மாரடைப்புக்கும் அடைப்புக்குறிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டேன். நியாயமான கேள்விதான? எல்லாரும் என்னையே பாத்தாங்க. கல்யாண வீட்ல என்னப் பாக்காத சனம் பூரா அன்னைக்குப் பாத்துச்சு.

வெளிய கடைக்காரங்க கண்ணீர் அஞ்சலின்னு பெருசா ஒரு ஃப்ளெக்ஸ் வச்சிருந்தாங்க. ‘எங்கள் அன்புச் சகோதரர், தொலைக்காட்சி நடிகர் கோமதிநாயகம்’னு போட்டு, படம் அதே சீரியல் படம். தனியா எடுத்த படம் வேற கிடையாதாம். அந்தக் கடையில வேலை பாக்குற ஒருத்தரு எங்கிட்ட வந்து மெதுவாக் கேட்டாரு, “சார், நடிகர்னு இதுல அச்சுல வந்திருக்கு. இது போதுமா சார், அவரு பேரு போட?” நாமளே காசு குடுத்து அடிக்கிறது சான்றாகாதுங்கன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன். திரும்பிப் பாத்தா பின்னால பகவதி நிக்கா.

காரியம் எல்லாம் முடிஞ்சு, வா போலாம்னேன். நீங்க போங்கன்னா. தங்கச்சி தனியா இருக்கா, சரி, இருந்துட்டு வரட்டும்னுதான் நானும் வந்துட்டேன். வந்து பாத்தா, சார், என் பேருல அங்க ஒரு உரையாடல் பக்கம் உண்டு, யாரு வேணும்னாலும் எனக்குச் சேதி எழுதலாம், ஊரே படிக்கலாம். அதுல எழுதி வச்சிருக்கா. என் வீட்டுக்காரி! ஒளிச்சு மறைச்சு இல்ல, சொந்தப் பேருல கணக்குத் தொடங்கி. இருங்க, படிக்கேன்.

‘வனக்கம். துலாக்கோல் என்பது என் வீட்டுகாரர். போட்டோவில் இருந்தது என் தங்கச்சி புருசன். சான்று இல்லை என்பதால் இவர் அழிக்கவில்லை. கல்யாண வீட்டில் எல்லாரும் அவரிடம் பேசினார்கள் இவரிடம் யாரும் பேசவில்லை. அது தான் காரனம். நாடகம் பார்க்காமலே தரம் போடுகிறார் எல்லாம் என்னிடம் கேட்டு தான் போடுகிறார். பகவதி.’

பாத்தீங்களா? வணக்கத்துக்கு மூணு சுழி ண. ரெண்டு சுழி போட்டிருக்கா. காரணத்துலயும் அதே தப்பு. ‘வீட்டுக்காரர்’னு ஒற்று வரணும், விட்டுட்டா. எத்தனை வருஷம் என்கூட குடும்பம் நடத்தியிருக்கா, ஒரு ஒற்று ஒட்டல. உள்ளடக்கத்தப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல வரல. ஆனா அதுக்கும் சான்று கிடையாது.

அழிச்சிருக்கலாமேங்கீங்களா? உரையாடல் பக்கத்துல அடுத்தவங்க எழுதினத அழிக்கக் கூடாது. விதி.

அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டாங்க. காரைக்குடிப் பக்கம் ஒரு டீச்சரம்மா நிர்வாகியா இருக்கு. ‘நலமுரண்’னு ஒரு வார்த்தையப் போட்டு விசாரணை வச்சிட்டு. சொந்தக்காரன் சொந்தக்காரனப் பத்தின விஷயத்துல கை வைக்கக் கூடாதாம். அந்த விதிய அங்க தமிழ்ல எழுதி வச்சதே நான்தான், எனக்கே பாடம். அம்மா, எழுதினாதான நலமுரண், நான் அழிக்கத்தான செஞ்சேன், சொந்தம்னு சலுகை காட்டாம இருந்தது குத்தமான்னு கேட்டேன். எடுபடல. தரம் போடுற உரிமையப் பிடுங்கிட்டாங்க. ‘ஒன்பது வாசல் வீடு’ கட்டுரையில நான் ஒரு எழுத்துக் கூடத் தொடக் கூடாதுன்னு தடை. நான் போட வச்ச பூட்டையும் திறந்துவிட்டாச்சு. இப்ப போற வாரவன் எல்லாம் அதுல எழுதலாம், என்னத் தவிர.

போகட்டும், நல்லதாப் போச்சு. வேற வேலையா இல்ல? காலையில கடையில ரெண்டு இட்லி, மத்தியானம் அதே கடையில சாப்பாடு. ஒண்ணும் குறை இல்ல. வீடுதான் சத்தமில்லாம கிடக்கு. எட்டரை மணியானா டிவிய நானே போட்டுவிட்டுட்டு உள்ரூம்ல போய் உக்காந்துக்கிடுதேன். பாக்குறதுக்கு இல்ல, சத்தத்துக்கு. யாரு யாரக் கட்டினான்னு சந்தேகம் வந்தாலும் இங்க இருந்து கேட்டா அங்க இருந்து சொல்ல ஆளு இல்ல. எனக்கு அது முடியல சார். அது ஒண்ணுதான் முடியல.

நேத்து போன் பண்ணினேன். வா பகவதின்னேன். என்ன சொன்னா தெரியுமா?

“நீங்க அழிச்ச பேர நீங்களே போடுங்க. போட்ட அன்னைக்கு வாரேன்.”

ஏளா, எனக்குத்தான் தடை போட்டிருக்கே, உன்னாலதான போட்டாங்கன்னேன். அதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு வச்சிட்டா. எப்படி இருக்கு பாருங்க, கைய வெட்டிவிட்டுட்டு எழுதுங்கா. சரி, நேர்ல போய்ப் பேசிப் பாப்போம்னுதான் பஸ் ஏறினேன். உங்க பக்கத்துல இடம் கிடைச்சுது.

கயத்தாறு தாண்டியாச்சா? அப்ப இன்னும் கொஞ்சம்தான்.

சார். உங்க போன்ல நெட் நல்லா எடுக்குல்லா. ஒரு சின்ன உதவி. ஒரு வரிதான். நீங்க யாரு எவருன்னு அங்க யாருக்கும் தெரியாது, கணக்கெல்லாம் தொடங்க வேண்டாம், சும்மாவே எழுதலாம். தப்பில்ல சார், எத்தனையோ பேரு செய்யிறதுதான். அந்த சீரியல நிறுத்திட்டு ‘ஒன்பது வாசல் வீடு’ன்னு தேடுங்க. வந்துச்சா? தொடக்கநிலைன்னு போட்டிருக்கும், அதக் கண்டுக்காதீங்க. கீழ போங்க. நடிகர்கள். பக்கத்துல ‘தொகு’ன்னு இருக்கு பாருங்க, அத அமுக்குங்க. கடைசிப் பேருக்கு அடியில. ஆங்.

கோமதிநாயகம். சேத்து எழுதுங்க, ஒரே சொல்லு. பொன்னுரங்கமாக. அடைப்புக்குறி போட்டுப் புகைப்படத்தில். ‘புகை’க்கு அப்புறம் ‘ப்’ வரணும், ஒற்ற விட்டுறாதீங்க. அவ்வளவுதான். சேமி. காட்டுங்க, இப்படித் திருப்புங்க கொஞ்சம்.

நல்லா இருக்கு சார். எடுப்பா இருக்கு.

ஒரு நிமிஷம், போன் போட்டுருதேன். ஏளா பகவதி, நான்தான். பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன். போட்டாச்சு. ஆமா, பேரு. நான்தான், நான் சொல்லித்தான். நீயே திறந்து பாரு, உலகம்மாட்டயும் காட்டு. கடைசியில இருக்கும். நல்லாப் பாரு, கண்ணாடியப் போட்டுப் பாரு. இல்லையா? எப்படி இல்லாமப் போகும், இப்பத்தான... இரு. இரு, வச்சிராத.

சார், திறங்க. மறுபடியும் திறங்க.

அழிச்சிட்டான். ‘சான்று இல்லை’ன்னு போட்டிருக்கு. எவன் சார் இவன், பேரப் பாருங்க, புது ஆளு. நீங்க போட்டு ஒரு மூச்சு விடலையே, அதுக்குள்ள. பாத்துக்கிட்டே உக்காந்திருந்திருக்கான், எவன்டா வருவான்னு. செத்துப்போன ஒரு மனுஷன் பேரு, ஒரே ஒரு வரி. கோவில்பட்டியில சேலை வித்துக்கிட்டு இருந்தவரு. அது அந்த மூலையில இருந்துட்டுப் போனா இவனுக்கு எங்க வலிக்கி?

திரும்பப் போடுங்க சார். போடுங்க, அவன் அழிக்க அழிக்கப் போடுங்க, ஸ்டாப் வரைக்கும் நான் சொல்லுதேன். என்ன சென்மம் சார் இதெல்லாம். இவனுக்கு வீட்ல ஒரு ஆளு கிடையாதா, அந்தப் பெட்டிய மூடிட்டுச் சாப்பிட வாங்கன்னு கூப்பிட?